புள்ளி வைக்காத பாட்டில்

எங்கள் பார்மசி கல்லூரியில் அவர் பாடம் நடத்த வந்த பதினோராம் நாளே மாணவர்கள் அவருக்கு ‘மறுபடி டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அது சரியாகவே இருந்தாலும், “மறுபடி பாரு” என்பார். பன்னிரண்டாம் நாள் காலை யாரோ அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அவர் அழிக்கவில்லை. “எழுதினவரு யாருன்னு கேக்க மாட்டேன். ஆனா இந்தக் கையெழுத்துல மட்டும் மருந்து லேபிள் எழுதிடாதீங்க” என்றார்.

நான் அப்போது அங்கே இருப்பறைப் பொறுப்பாளன். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு பாட்டிலும் என் பதிவேட்டில் எழுதப்பட்டுத்தான் போகும், எழுதப்பட்டுத்தான் திரும்பும். என் மேசையிலிருந்து பார்த்தால் ஆய்வுக்கூடத்தின் கதவு நேராகத் தெரியும். மாலையில் அவர் அந்தக் கதவைப் பூட்டி, கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்து, வெளிவாசல் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். முதல் பருவத்தில் மட்டும் இப்படி வாசலிலிருந்து பதினேழு முறை திரும்பி வந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் கவுன்டரில் இருந்தவர். கூட்டம் நெரிந்த ஒரு மதிய வேளையில் ஒரு குழந்தைக்கு எழுதியிருந்த மருந்தில் இரட்டிப்பு வீரியமுள்ள பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு பாட்டிலுக்கும் ஒரே மூடி, ஒரே நிற அட்டை. எண் மட்டும்தான் வேறு. நாற்பது நிமிடம் கழித்து, அளவு மூடி உள்ளே இல்லை என்று கேட்க அந்தக் குழந்தையின் அம்மா திரும்பி வந்தார். அதனால்தான் தெரிந்தது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து கவுன்டரில் நின்றால் அவருக்குக் கை நடுங்கியது. நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்தார்.

இதை அவர் எனக்குச் சொன்னது, ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில். பார்மசி படிப்பில் கற்பிக்கும் முறையைச் செம்மைப்படுத்த யாராவது ஒரு புது வழியைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், கல்விக் குழு ஒன்று அதற்கு ஓராண்டு நிதி கொடுக்கும். முடிவு நன்றாக இருந்தால் மூன்றாண்டுக்கு நீட்டிக்கும். அவர் விண்ணப்பத்தைப் பதினான்கு முறை திருத்தி எழுதினார். பதினான்கையும் நான் படித்தேன். எல்லாவற்றிலும் இருந்த கருத்து ஒன்றே. அதை அவர் வாயால் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

“நம்ம பசங்க ரெக்கார்டு நோட்டுல தப்பே இல்ல சார். அச்சடிச்ச மாதிரி எழுதறாங்க. கவுன்டர்ல போய் நின்னா கோட்டை விடறாங்க. நோட்டா போய் நோயாளிக்கு மருந்து குடுக்கப் போகுது?”

நிதி கிடைத்தது. வகுப்பில் நாற்பத்து நான்கு பேர். இருபத்திரண்டு பேருக்குப் பழைய முறை: ஆசிரியர் சொல்வார், மாணவர் எழுதுவார். மற்ற இருபத்திரண்டு பேருக்கு அவருடைய புது முறை: இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, மருந்துச் சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி அடியில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், பிறகு துணையிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தவறானது என்று தெரிந்தால் அதை அங்கேயே விடக்கூடாது. மேசைக்குக் கீழே உள்ள மரத்தட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும். பத்து வாரம் இப்படியே நடந்தது. பதினோராம் வாரம் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. மேசையில் வரிசையாகப் பன்னிரண்டு பாட்டில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மருந்துச் சீட்டு. மணி அடித்தால் மாணவர் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும். ஐந்து பாட்டில்கள் வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டவை. கொடுக்கலாமா கூடாதா, கூடாது என்றால் ஏன் என்று தாளில் எழுத வேண்டும். பழைய முறைப் பிரிவு காலையில், புது முறைப் பிரிவு மதியத்தில்.

பாட்டில்களில் இருந்தது சாயத் தண்ணீர் அல்ல, உண்மையான மருந்து. சாயத் தண்ணீரை வைத்தால் சாயத் தண்ணீரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். ஆனால் கல்லூரியின் சிறு மருந்தகம் அடுத்த அறையில்தான் இருக்கிறது. நாங்கள் வாங்கும் அதே பாட்டில்கள்தான் அங்கேயும். அதனால் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பயிற்சிக்காகத் தவறான லேபிள் ஒட்டிய எந்தப் பாட்டிலின் அடியிலும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்த பாட்டில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

தேர்வு முடிந்து தாள்களைத் திருத்தினார். இருபத்திரண்டு பேர், ஐந்து தவறு. ஒரு பிரிவுக்கு நூற்றுப் பத்து வாய்ப்பு. பழைய முறையில் படித்தவர்கள் நாற்பத்தேழு கண்டுபிடித்திருந்தார்கள். புது முறையில் படித்தவர்கள் தொண்ணூற்று மூன்று. அன்று மாலை அவர் கதவின் கைப்பிடியை ஒரே ஒரு முறைதான் இழுத்தார். வாசலிலிருந்து திரும்பி வரவும் இல்லை.

அறிக்கை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. மூன்றாண்டு நிதி வந்தால் அவருடைய பணி தொடரும், வராவிட்டால் கல்வியாண்டோடு முடியும் என்று கல்லூரி முன்பே எழுத்தில் கொடுத்திருந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. வேறு கல்லூரிகளில் சேரும் வயது வரம்பைத் தாண்டியாகிவிட்டது. இங்கே முடிந்தால் கவுன்டருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். “கவுன்டர்” என்று சொல்லும்போதே அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார்.

புதன்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, பாட்டில் கழுவும் அம்மா காலிப் பாட்டில்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளும் ரகம் இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்திருந்த டீச்சரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“டீச்சரம்மா, உங்களுக்கு அந்தச் சிவப்பு மையை எவன் வித்தான்? நாலு பாட்டிலு அடியையும் ஸ்பிரிட் போட்டுத் தேச்சுத் தேச்சு என் ரேகையே போயிடுச்சு. நாளைக்கு ரேஷன் கார்டுக்கு விரல் வெச்சா யாருன்னு கேப்பான்.”

டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கழுவிய பாட்டில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் காலாவதித் தேதி. அதன் பக்கத்தில், தேய்த்தும் போகாத இளஞ்சிவப்புக் கறை.

“திருப்பிப் பாக்கச் சொன்னதே நான்தான்” என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பழைய பிரிவினர் பாட்டிலை நிற்க வைத்தபடியே பார்த்தவர்கள். புதுப் பிரிவினரைப் பத்து வாரமாக அடியைத் திருப்பிப் பார்க்கப் பழக்கியிருந்தார். அந்த அடியிலேயே விடையையும் தன் கையால் வைத்திருந்தார். வைக்காமல் இருக்க அவரால் முடிந்திருக்காது. தவறான பாட்டிலை அடையாளம் இல்லாமல் வைக்க அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் கை வராது.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த புதுப் பிரிவு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டார்.

“தேர்வுல பாட்டில் அடியில ஏதாவது பாத்தியாம்மா?”

“புள்ளி இருந்துச்சே டீச்சர்.”

“பாத்துட்டு என்ன பண்ணின?”

“கொடுக்கக் கூடாதுன்னு எழுதினேன். புள்ளி வெச்ச பாட்டில வெளிய குடுக்கக் கூடாதுன்னு மொத வாரமே சொன்னீங்களே.” அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “தப்பா டீச்சர்?”

“இல்ல. நீ சரியாத்தான் பண்ணியிருக்க. போ.”

டீச்சர் விடைத்தாள்களோடு என் அறைக்குத் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தாள்களை மறுபடி புரட்டினார். ‘ஏன்’ என்ற கட்டத்தில் முப்பத்தொரு இடத்தில் “சரியில்லை” என்று மட்டும் இருந்தது. முதல் முறை பார்த்தபோது, அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்து மதிப்பெண் கொடுத்திருந்தார்.

“எல்லாத்தையும் மறுபடி பாருன்னு சொல்ற நான், இதை ஒரு தடவைதான் சார் பாத்தேன். நல்ல நம்பரா வந்துச்சு. விட்டுட்டேன்.”

பாட்டில் கழுவும் அம்மா இன்னும் போகவில்லை. “நான் மையைத்தானே சொன்னேன். அதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்காந்துட்டீங்க?” என்றார்.

“அக்கா, நாலு பாட்டில்னா சொன்னீங்க?”

“நாலுதான். என் விரலைக் கேளுங்க, சொல்லும்.”

“அஞ்சு இருக்கணும்.”

பதிவேட்டைப் பிரித்தேன். தேர்வு நாளின் பக்கத்தில் இரண்டாவது வரி: ‘காலை 8.40. எண் 9 மேசையைத் துடைக்கையில் விழுந்து உடைந்தது. மாற்றுப் பாட்டில் ஒன்று வழங்கப்பட்டது.’ முதல் மணி எட்டு ஐம்பதுக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் புதுப் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டி மேசையில் வைத்தார். புள்ளி வைக்கவில்லை. சிவப்புப் பேனா கைப்பையில் இருந்தது. கைப்பை ஆசிரியர் அறையில் இருந்தது.

முதலில் அவர் முகம் வெளுத்துப் போனது. “அன்னிக்குப் பூரா அது புள்ளி இல்லாம மேசையில இருந்திருக்கு” என்றார். அது வேறு எதுவும் அல்ல. குழந்தைக்கான சீட்டுக்கு இரட்டிப்பு வீரியப் பாட்டில். ஐந்து மில்லிக்கு நூற்று இருபத்தைந்து மில்லிகிராம் என்று சீட்டில் இருக்கும். இருநூற்று ஐம்பது என்று பாட்டிலில் இருக்கும். அன்று மாலையே கொட்டிவிட்டதாக என் பதிவேட்டில் இருந்ததைக் காட்டினேன். இரண்டு முறை படித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

பிறகு ஒன்பதாம் எண்ணை மட்டும் தனியாக எடுத்து எண்ணினோம். பழைய பிரிவில் கண்டுபிடித்தவர்கள் ஒன்பது பேர். புதுப் பிரிவில் பதின்மூன்று பேர். நம்பக்கூடியது அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றுக்கு நாற்பத்தேழு என்று இருந்தது, பதின்மூன்றுக்கு ஒன்பது ஆகிவிட்டது.

துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. வியாழக்கிழமை காலை அவர் அறையில் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். பதிவேட்டோடு நானும் நின்றேன்.

“பாட்டில் கழுவியாச்சு, மையும் போயாச்சு. இனிமே புள்ளியைப் பத்தி யாரும்மா கேக்கப் போறா?” என்றார் துறைத்தலைவர்.

“யாரும் கேக்க மாட்டாங்க சார்.”

“அப்புறம்? நீங்க போயிட்டா அந்தப் புது முறையும் உங்களோட போயிடும். அது நல்ல முறை. எனக்கே தெரியுது.”

“எனக்கும் தெரியுது சார். அதைக் காட்டத்தானே சோதனை. காட்டலையே.”

“அறிக்கை உங்க பேர்ல போகுது. நான் கையெழுத்து மட்டும்தான் போடுவேன். எது கொண்டு வந்தாலும் போடுவேன்.” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எது கொண்டு வரணும்னு என்னைக் கேக்காதீங்க.”

டீச்சர் அன்று முழுக்க இரண்டு அறிக்கை எழுதினார். புள்ளியைப் பற்றிச் சொல்லாதது ஆறு பக்கம், சொன்னது ஒன்பது பக்கம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஐந்தரைக்கு அவர் கணவர் அழைத்துப்போக வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் பெரிய பலகை வைத்த பயிற்சிக் காரிலேயேதான் வருவார். இரண்டு அறிக்கையும் என் மேசையில் கிடப்பதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவருக்கு முந்தின நாளே விஷயம் தெரிந்திருக்கிறது.

“இன்னும் முடிவாகலையா?”

“உங்களுக்கென்ன. கவுன்டர்ல போய் நிக்கப் போறது நானு.”

“எனக்கென்னவா? நீ வீட்டுக் கதவை நாலு தடவை இழுக்கறதுக்குப் பக்கத்துல நிக்கறது யாரு?” முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நான் ஒண்ணு சொல்லவா? நான் உக்கார்ற பக்கத்துல எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. அது இருக்கறது கத்துக்கறவனுக்குத் தெரியும். அவன் பாட்டுக்குத் தைரியமா ஓட்டுவான். நல்லா ஓட்டறான்னு நானும் சொல்லலாம். ஆனா லைசென்சுக்கு அவனை அந்த வண்டியில அனுப்பினா, ரோட்டுல எதிர்ல வர்றவன் கதி என்ன?”

டீச்சர் ஆறு பக்க அறிக்கையை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒன்பது பக்கத்தை எனக்கு நேராக நகர்த்தினார்.

“சார், உடைஞ்ச பாட்டில் பத்தின அந்த வரி இருக்கற பக்கத்துக்கு ஒரு நகல் வேணும். இதோட இணைக்கணும்.”

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு அறிக்கை போனது. அதன் பிறகு நாற்பத்தேழு நாள் பதில் இல்லை. அந்த நாட்களில் மூன்று மருத்துவமனைகளுக்கு அவர் வேலை கேட்டு எழுதினார். ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. போய்விட்டு வந்த மறுநாள், பசங்களுக்கு அளவுக் குடுவையில் ஊற்றிக் காட்டும்போது, ஊற்றியதில் பாதி மேசையில் இருந்தது. முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. மூன்றாண்டு இல்லை. இன்னும் ஓராண்டு. அடுத்த வகுப்பை வைத்து அதே சோதனையை மறுபடி நடத்த வேண்டும். பாட்டில்களில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. அந்த முடிவைப் பார்த்துத்தான் மேற்கொண்டு.

துறைத்தலைவர் வாழ்த்துச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். என் அறைக்கு வந்த பிறகு, “எந்த அடையாளமும் இல்லாம அஞ்சு தப்புப் பாட்டிலை எப்படி சார் வைக்கறது?” என்றார். ஓராண்டு முழுக்க அவருக்கு அதே கவலைதான்.

அடுத்த வகுப்பில் நாற்பது பேர்; பிரிவுக்கு இருபது. தேர்வுக்கு மருந்தகத்தில் இல்லாத தொகுதிப் பாட்டில்களாகப் பார்த்து வாங்கினோம். தேர்வு நாளில் ஐந்து பாட்டிலின் தொகுதி எண்ணையும், அதாவது பேட்ச் நம்பரையும், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் திரும்ப வாசிக்க, அவர் பாட்டிலைப் பார்த்துச் சரி சொன்னார். காலையில் ஐந்தும் அப்படியே இருந்தன. மதிய இடைவேளையில் அவர் வெளியே போகவில்லை. மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலை மூன்று ஐம்பதுக்கு மதியப் பிரிவும் முடிந்தது. மாணவர்கள் தாளைக் கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். டீச்சர் தவறான பாட்டில்களைத் திரும்ப எடுக்க ஒரு தட்டோடு மேசை ஓரமாக வந்தார். இரண்டு, நான்கு, ஏழு, பன்னிரண்டு. ஒன்பதாம் இடத்தில் மருந்துச் சீட்டு மட்டும் இருந்தது.

அவர் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக அடுத்த அறை மருந்தகத்துக்குள் நுழைந்தார். நான் கதவருகில் நின்றேன். அலமாரியில் இருந்த அதே மருந்தின் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொகுதி எண்ணைப் படித்தார்.

“என்ன டீச்சர், ரெய்டா?” என்றார் மருந்தகக்காரர்.

“இப்ப ஏதாவது குழந்தைக்கு மருந்து குடுத்தீங்களா?”

“மூணு மணிலேர்ந்து ஒருத்தரும் வரலை. ஏன், என்னாச்சு?”

பதினெட்டுப் பாட்டில். எல்லாமே மருந்தகத்துடையவைதான். டீச்சர் திரும்பி வந்து மேசையைத் தேடினார், குப்பைக் கூடையைத் தேடினார், மாணவர்கள் பை வைக்கும் மூலையைத் தேடினார். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு ஒன்பது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பசங்களைத் தடுக்கலாமா என்று கேட்டேன். அவருக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பாட்டில் கழுவும் அம்மா மேசைக்குக் கீழே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா, இந்த மரத்தட்டுல ஒண்ணு நிக்குது. கழுவறதா, வேணாமா?”

“தொடாதீங்கக்கா.”

அவர் மண்டியிட்டுத் தட்டை இழுத்தார். கொடுக்கக் கூடாதவற்றை எடுத்து வைக்கப் பத்து வாரம் பழக்கிய அதே தட்டு. தேர்வில் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். கடைசிச் சுற்றில் ஒன்பதாம் இடத்துக்கு வந்த யாரோ ஒருவருக்கு அந்தப் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பாட்டில் நேராக நின்றது, மூடி இறுகியிருந்தது.

டீச்சர் தொகுதி எண்ணை வாய்விட்டுப் படித்தார். நான் பதிவேட்டைப் பார்த்துச் சரி என்றேன். அவர் மறுபடி படித்தார். பிறகு ஐந்து பாட்டிலையும் தன் கையாலேயே கழிவு மருந்துக் கலத்தில் கொட்டினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அதன் பிறகுதான் தாள்களைத் தொட்டார்.

பிரிவுக்கு நூறு வாய்ப்பு. பழைய முறை நாற்பத்தொன்று, புது முறை அறுபத்தாறு. அவர் மூன்று முறை எண்ணினார், நான் ஒரு முறை. மூன்றாண்டு நிதிக்கான கடிதம் ஐம்பத்திரண்டு நாள் கழித்து வந்தது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

தேர்வு நாளின் பக்கத்தில் நான் எழுதிய கடைசி வரி இது: ‘மாலை 4.12. எண் 9 மரத்தட்டில் கிடைத்தது. எடுத்து வைத்தவர் யார் என்று தெரியவில்லை.’ கடைசிச் சுற்றில் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. பார்த்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும். “வேணாம் சார். விதியை மீறினதுக்கு மார்க் குறைக்கணும். எனக்குக் கை வராது” என்றார்.

அன்று மாலை கதவைப் பூட்டினார். கைப்பிடியை மூன்று முறை இழுத்தார். வெளியே பயிற்சிக் காரின் ஹாரன் கேட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வருவதை என் மேசையிலிருந்து பார்த்தேன்.